பிரியிற செல்லுல ரெண்டு முனையிலயும் புள்ளி: நிஜமா, ஆன்டிபாடி ஏமாத்துதா?

வேலந்தாவளத்துப் புள்ள எழுதியது:

எல்லாருக்கும் வணக்கங்க. பிஎச்டி மூணாம் வருஷம். வீடு வேலந்தாவளம், லேப் பாலக்காட்டுல. ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். லேப்ல மலையாளம், பேப்பர்ல இங்கிலீஷ், குழம்பிப்போனா தமிழ். இப்ப நல்லாவே குழம்பிப்போய்த்தான் இங்க வந்திருக்கேன்.

எங்க புரோட்டீன் பேரை இப்போதைக்குச் சொல்ல முடியாதுங்க, பேப்பர் இன்னும் வரல. சைட்டோபிளாசத்துல வலை மாதிரி, ஈஆர் (எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம்ங்கற உள்மெம்பிரேன் வலை) பக்கமா இருக்கும்னு எதிர்பார்ப்பு. அதைப் புடிச்சுக் காட்டற ஆன்டிபாடி கடையில கிடைக்கல. அந்தப் புரோட்டீன்ல ஒரு துண்டை 15 அமினோ அமிலத்துல பெப்டைடா செஞ்சு, முயல் உடம்பு நல்லா எதிர்க்கட்டும்னு கேஎல்எச்ங்கற பெரிய புரோட்டீனோட கோத்து, வெளிய ஒரு கம்பெனியில ரெண்டு முயலுக்குப் போட்டு சீரம் வாங்கினோம். முதல் முயல் டைட்டர் (ஆன்டிபாடி அளவு) சுமார், ரெண்டாவது முயல் பிரமாதம்னு ரிப்போர்ட். அன்னையிலிருந்து லேப்ல ரெண்டாவது முயல் ராஜ்ஜியம்தான்.

ஹீலா செல் (லேப்ல வளர்க்கற மனிதப் புற்றுநோய் செல்). கவர்ஸ்லிப்ல வளர்த்து, -20 டிகிரி மெத்தனால்ல 7 நிமிஷம் வெச்சு, சீரம் 1:200ல ஒரு மணி நேரம், அதுக்கு மேல முயல் ஆன்டிபாடியைப் புடிச்சு ஒளிர்ற, ஆட்டுல செஞ்ச ஆன்டி-முயல் செகண்டரி, கடைசியா டிஎன்ஏவைக் காட்ட டாபி. சும்மா இருக்கற செல்லுல எதிர்பார்த்த வலை வருது. பிரியிற செல்லைப் பாத்தாத்தான் தூக்கிவாரிப்போடுது. மெட்டாஃபேஸ்ல குரோமோசோம் எல்லாம் நடுவுல தட்டு கட்டி நிக்குதில்ல, அதுக்கு ரெண்டு பக்கமும், குரோமோசோமை இழுக்கற ஸ்பிண்டிலோட முனையில, ஊசியால குத்தி வெச்ச மாதிரி ரெண்டு புள்ளி. அந்த முனையில உக்கார்ற சென்ட்ரோசோமுக்கு அடையாளமான காமா டியூபுலினையும் மவுஸ் ஆன்டிபாடியால சேத்துப் பாத்தேன். அச்சு பிசகாம அதுக்கு மேலேயே உக்காருது. கடைசியில செல் ரெண்டாப் பிரியும்போது நடுப்பாலத்துல, மிட்பாடியிலயும் லேசா ஒரு மினுக்கம்.

கைடு பாத்துட்டு "கொள்ளாம்!"னார், நல்லாருக்குன்னு. அவரு வாயிலிருந்து அந்த வார்த்தை வர்றது வருஷத்துக்கு ஒருக்கா. புது சென்ட்ரோசோம் புரோட்டீன்னு ஒரு போஸ்டரும் போட்டாச்சு. புள்ளியைப் பெருசாக்கி நடுவுல வெச்சோம்.

சிக்கல் அதுக்கப்புறம்தான். எங்க புரோட்டீன் உற்பத்தியை அடக்கற எஸ்ஐஆர்என்ஏ போட்டு 72 மணி நேரம் விட்டேன். வெஸ்டர்ன்ல (புரோட்டீனை அளவு வாரியா ஜெல்லுல பிரிச்சு ஆன்டிபாடியால பாக்கறது) பேண்டு கிட்டத்தட்டக் காணோம். ஸ்டெயின்ல வலையும் மங்கிடுச்சு. புள்ளி மட்டும் குத்துக்கல்லாட்டம் அப்படியே. சீரத்தோட பெப்டைடைக் கலந்து பிளாக் பண்ணினேன். வலை போச்சு, புள்ளி போகல. "சென்ட்ரோசோம்ல உள்ளது சீக்கிரம் அழியாது, பெப்டைடும் பத்தலை, இன்னும் போடு"ங்கறார் கைடு. 5 மடங்கு, 20 மடங்கு, 50 மடங்கு போட்டுப் பாத்தாச்சுங்க.

செகண்டரி மட்டும் போட்டுப் பாத்தேன், சுத்தக் கறுப்பு. அதுனால செகண்டரி மேல சந்தேகம் இல்லை.

கன்ஃபோக்கல் மைக்ராஸ்கோப் எங்ககிட்ட இல்லை, கோயமுத்தூர்ல மணிக்கு இவ்வளவுன்னு காசு கட்டிப் பாக்கணும். கவர்ஸ்லிப் ஓரத்துல கொழிஞ்சாம்பாறை ஃபேன்சி ஸ்டோர்ல வாங்கின நெயில் பாலிஷ் பூசி, ஃபாயில்ல சுத்தி, டிஃபன் டப்பாவுல வெச்சு பஸ்ஸுல எடுத்துட்டுப் போறேன். வாளையார்ல ஜாம் ஆகறப்ப எல்லாம் வெயில்ல டை போயிருமோன்னு டப்பாவைத் துப்பட்டாவுக்குள்ள வெச்சுக்குவேன். இத்தனை பாடுபட்டுப் பாக்கறது நிஜமான்னு தெரிஞ்சா போதுங்க.

—

செங்கோட்டை பாசஞ்சர்:

ரெண்டு கலரும் அச்சா மேல உக்காந்தா எனக்கு முதல்ல சந்தேகம் வர்றது சேனல் கசிவு (ஒரு கலரோட வெளிச்சம் இன்னொண்ணுல தெரியறது) மேலதான். மவுஸ் ஆன்டிபாடி போடாம முயல் சீரம் மட்டும் போட்டு ஒரு ஸ்லைடு பாத்தீங்களா? இன்னொண்ணு, படத்தைத் திறந்ததும் மென்பொருள் தானா கான்ட்ராஸ்ட் ஏத்திக் காட்டும். அந்த பட்டனாலயே எத்தனையோ புது புரோட்டீன் பொறந்திருக்கு.

—

வேலந்தாவளத்துப் புள்ள:

பாத்தேங்கண்ணா. முயல் சீரம் மட்டும் போட்டாலும் புள்ளி இருக்கு. எக்ஸ்போஷரும் எல்லாத்துக்கும் ஒரே அளவு.

—

களியக்காவிளை அண்ணாச்சி:

பிள்ளே, நான் திருவனந்தபுரத்துல ஒரு லேப்ல டெக்னீஷியனா இருந்து ரிட்டயர் ஆனவன். இப்போ நாலு ரப்பர் மரமும் ஒரு பழைய மைக்ராஸ்கோப்பும்தான் துணை. நீ எழுதினதைப் படிச்சதும் சிரிச்சுட்டேன், கோவிச்சுக்காதே. இந்தப் புள்ளியோட எனக்குப் பல வருஷப் பழக்கம்.

நீ செகண்டரி மட்டும் போட்டுப் பாத்தேன்னு எழுதியிருக்கே. நல்லது. ஆனா அதுல தெரியிறது செகண்டரி தானாப் போய் எங்கயும் ஒட்டலைங்கிறது மட்டும்தான். முயல் சீரத்தைப் பத்தி அதுல ஒரு வார்த்தை கிடையாது. சீரம்னா நீ போட்ட பெப்டைடுக்கு எதிரான ஆன்டிபாடி மட்டும்னு நினைச்சியா? அந்த முயல் பிறந்ததுல இருந்து எதையெல்லாம் எதிர்த்துச்சோ, எல்லாம் அதுக்குள்ள கிடக்கு. உன் பெப்டைடுக்கு உண்டானது அதுல கொஞ்சம்தான்.

1978ல கானலியும் கால்னின்ஸும் ஜர்னல் ஆஃப் செல் பயாலஜில ஒரு பேப்பர் போட்டாங்க. எந்த ஊசியும் போடாத முயலோட சீரத்தை எடுத்து செல்லுல விட்டுப் பாத்தா சென்ட்ரோசோம் நடுவுல இருக்க சென்ட்ரியோல் பளிச்சுன்னு தெரியுது, செல் மேல முடி மாதிரி இருக்க சிலியா அடியில இருக்க பேசல் பாடியும் தெரியுதுன்னு. ஊசி போடாத முயல், கேட்டியா? எல்லா முயலும் அப்படி இல்லை. ஆனா அப்படி ஒரு முயல் உனக்கு வந்து வாய்ச்சுதுன்னா, நீ எந்தப் பெப்டைடைப் போட்டாலும் உன் புரோட்டீன் சென்ட்ரோசோம் புரோட்டீன் ஆயிரும்.

சும்மா இருக்க செல்லுல தேடினாத்தான் கிடைக்கும் புள்ளி, பிரியிற செல்லுல ஏன் இப்படி எரியுதுன்னு கேப்பே. செல் பிரியப்போறப்ப சென்ட்ரோசோம் தன்னைச் சுத்தி நிறையச் சரக்கைச் சேத்துக்கும். காமா டியூபுலின், பெரிகென்ட்ரின் மாதிரி புரோட்டீன் எல்லாம் பல மடங்கு ஏறும். ஒட்டுறதுக்கு இடம் பெருகினா புள்ளியும் பெருகும். அதனாலதான் பிரியிற செல்லுல பொய் பெரிய பொய்யாத் தெரியும்.

இனி உன் சோதனைக்கு வா. பெப்டைடு கலந்தே, வலை போச்சு, புள்ளி நின்னுச்சு. எஸ்ஐஆர்என்ஏ போட்டே, அப்பவும் வலை போச்சு, புள்ளி நின்னுச்சு. ரெண்டும் ஒண்ணுபோல வலை உன்னோடது, புள்ளி உன்னோடது இல்லைன்னு சொல்லியாச்சு. 50 மடங்கு இல்லை, நீ பெப்டைடைக் குடம் குடமா ஊத்தினாலும் புள்ளி போகாது. அந்த ஆன்டிபாடிக்கு உன் பெப்டைடைத் தெரியவே தெரியாதே, பின்ன எப்படி அது தடுக்கும்?

வெஸ்டர்ன்ல ஒத்தை பேண்டு வந்துதேன்னு உன் கைடு கேப்பார். என்ன ஜெல் ஓட்டினே? 12 சதவீதமா? பெரிகென்ட்ரின் மாதிரி ஆளெல்லாம் 350 கிலோடால்டனுக்கு மேல. 12 சதவீத ஜெல்லுல வாசல்லயே நின்னுரும், மெம்பிரேனுக்கு வர்றது எங்க? அதுவும் போக எஸ்டிஎஸ் சோப்புல வெந்து மடிப்பு பிரிஞ்ச புரோட்டீனும் செல்லுக்குள்ள மடிஞ்சு நிக்கிற புரோட்டீனும் ஆன்டிபாடி கண்ணுக்கு ஒண்ணில்லை.

இப்போ செய்ய வேண்டியது ஒண்ணு. ஊசி போடுறதுக்கு முந்தி எடுத்த ரத்தம், பிரீ-இம்யூன், கம்பெனிக்காரன் கண்டிப்பாக் கொடுத்திருப்பான். அதே ரெண்டாவது முயலோடது வேணும். பக்கத்து லேப்ல கடன் வாங்கின வேற முயலோடது உதவாது, அது வேற ஜென்மம். அதையும் 1:200, அதே எக்ஸ்போஷர், அதே நாள். புள்ளி வந்துச்சுன்னா கதை முடிஞ்சுது.

—

திருத்தணி மேட்டுத்தெரு:

அண்ணாச்சி சொன்னதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்லை. பிரியிற செல்லோட மத்த ஏமாத்து வேலையில ரெண்டு மூணைச் சொல்லி வெக்கிறேன், பின்னாடி யாராவது தேடி வருவாங்க.

தட்டையா ஒட்டிக்கிட்டிருந்த செல், பிரியும்போது உருண்டையா எழும்பும். அதே அளவு புரோட்டீன்தான், ஆனா மேலிருந்து பாத்தா கனம் கூடித் தெரியும். "மைட்டோசிஸ்ல கூடுது"ன்னு எழுதி வெச்ச எத்தனையோ ரிப்போர்ட்டுல கூடினது செல்லோட உயரம்தான்.

அப்புறம் பாஸ்போ ஆன்டிபாடிகள், அதாவது பாஸ்பேட் ஒட்டின புரோட்டீனை மட்டும் புடிக்கறதுக்குச் செஞ்சது. மைட்டோசிஸ் நேரத்துல கைனேஸ் எல்லாம் வெறி புடிச்ச மாதிரி எல்லாத்துலயும் பாஸ்பேட் ஒட்டும். செரினும் புரோலினும் அடுத்தடுத்து வர்ற இடம் நூத்துக்கணக்கான புரோட்டீன்ல இருக்கு. 1983ல வெளிவந்த எம்பிஎம்-2 ஆன்டிபாடி இதுக்குத் தெளிவான உதாரணம். மைட்டோசிஸ்ல இருக்கற ஹீலா செல்லையே எலிக்குப் போட்டு எடுத்தது. அது ஒரு புரோட்டீனைத் தேடல, அந்த பாஸ்பேட் அடையாளம் எங்கெல்லாம் இருக்கோ எல்லாத்தையும் புடிக்கும். அதனால சென்ட்ரோசோம், குரோமோசோம்ல ஸ்பிண்டில் ஒட்டற கைனெட்டோகோர், மிட்பாடின்னு வரிசையா எரியும். அதைத் தெரிஞ்சே மைட்டோசிஸ் அடையாளமாப் பயன்படுத்தறாங்க. நம்ம பாஸ்போ ஆன்டிபாடியும் தெரியாம அதே வேலையைச் செஞ்சா?

நான் ஹிஸ்டோன் ஆளு, அதனால இது ஒண்ணு. டிஎன்ஏ சுத்திக்கிற ஹிஸ்டோன் ஹெச்3ல 9ஆம் லைசினைச் சுத்தியும் 27ஆம் லைசினைச் சுத்தியும் அலனின், ஆர்ஜினின், லைசின், செரின்னு ஒரே நாலெழுத்து. ஒண்ணுக்குச் செஞ்ச ஆன்டிபாடி இன்னொண்ணைப் புடிச்சா ஆச்சரியமே இல்லை. எனக்கு எதிர்த்திசையிலயும் ஒருமுறை அடி விழுந்துச்சு. மைட்டோசிஸ்ல 10ஆம் செரின் மேல பாஸ்பேட் வந்து உக்காந்ததும், 9ஆம் லைசின் மேல இருக்கற மெத்திலைப் புடிக்கற ஆன்டிபாடிக்கு இடம் மறைஞ்சு போச்சு. மெத்தில் அங்கதான் இருந்தது. நான் "மைட்டோசிஸ்ல மெத்தில் போகுது"ன்னு லேப் மீட்டிங்ல பேசிட்டேன். அந்த வாரம் கேன்டீன் பக்கமே போகல.

உங்க மிட்பாடி மினுக்கம் பத்தி யாரும் பேசல. பெப்டைடு பிளாக்ல அது என்ன ஆச்சு?

—

வேலந்தாவளத்துப் புள்ள:

அண்ணாச்சி, திருத்தணி அண்ணா, ரொம்ப நன்றிங்க. மிட்பாடியை நான் பாக்கவே இல்லை. எல்லாரும் புள்ளியையே பாத்துட்டிருந்தோம். பழைய படத்துலயெல்லாம் டெலோஃபேஸ் (பிரிஞ்சு முடியற கட்டம்) செல் ஒண்ணோ ரெண்டோதான் வருது.

பிரீ-இம்யூன் எங்க இருக்குன்னு லேப்ல ஒருத்தருக்கும் தெரியல. கம்பெனிக்கு ரெண்டு மெயில் போட்டேன், பதில் இல்லை. நாளைக்கு -80 டிகிரி ஃப்ரீசரைக் குடையப்போறேன்.

—

வேலந்தாவளத்துப் புள்ள, மூணு வாரம் கழிச்சு:

கிடைச்சுதுங்க!

-80ல கீழ் அடுக்கு, பின்னாடி ஓரம். எனக்கு முன்னாடி இருந்த சேச்சி ஒருத்தங்க ஐஸ்கிரீம் டப்பாவுல போட்டு வெச்சுட்டுப் போயிருக்காங்க. டப்பா முழுக்கப் பனி, கரண்டியால சுரண்டி எடுத்தேன். ஆறு வயல். நாலுல மார்க்கர் எழுத்து எத்தனால் பட்டு அழிஞ்சே போச்சு. ரெண்டுல தப்பிச்சிருக்கு: "மு1 நாள் 0", "மு2 நாள் 0". சேச்சி இப்ப ஜெர்மனியில. எழுத்து அவங்களோடதுதானான்னு போட்டோ எடுத்து அனுப்பிக் கேட்டேன். "ஆமாடி, அந்த டப்பா இன்னும் இருக்கா!"ன்னாங்க.

அண்ணாச்சி சொன்ன மாதிரியே ஒரே நாள்ல, நாலு கவர்ஸ்லிப். முதல் முயல் ஊசிக்கு முன்னாடி, பின்னாடி. ரெண்டாவது முயல் ஊசிக்கு முன்னாடி, பின்னாடி. எதுல எதுன்னு தெரியாம இருக்க லேப்மேட்டை விட்டு நம்பர் போடச் சொன்னேன். கோயமுத்தூர் போற வரைக்கும் பொறுமை இல்லை, எங்க பழைய ஃபுளூரசன்ஸ் மைக்ராஸ்கோப்லயே வெச்சேன். லைட்டை அணைச்சுட்டு உக்காந்தா வெளிய கணவாய்க் காத்து சன்னலைப் போட்டு அடிக்குது, எனக்கு நெஞ்சு அதுக்கு மேல அடிக்குது.

மூணாம் நம்பர். வலை இல்லை. செல் முழுக்க இருட்டு. ஒரு மெட்டாஃபேஸ் செல்லைத் தேடிப் புடிச்சு ஃபோகஸைத் திருப்பினா, தட்டுக்கு ரெண்டு பக்கமும் என்னோட ரெண்டு புள்ளி. போஸ்டர்ல இருந்த அதே புள்ளி. இன்னும் அழகா இருந்துச்சுங்க, பின்னால வலை இல்லாததால. நம்பரைப் பிரிச்சுப் பாத்தா "மு2 நாள் 0". பெப்டைடு அந்த முயல் உடம்புல ஏறறதுக்கு முன்னாடியே எடுத்த ரத்தம்.

கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். அழுகைன்னு சொல்ல முடியாது. ஒரு வருஷம் போச்சேன்னு ஒரு இது.

முதல் முயலோட நாள் 0 சுத்தம், ஒண்ணும் இல்லை. அதோட ஊசிக்குப் பிந்தின சீரத்துல வலை மட்டும் வருது, மங்கலா, புள்ளி இல்லாம. டைட்டர் கம்மின்னு நாங்க ஒதுக்கி வெச்ச முயல்! 1:200 பத்தல, 1:50ல போட்டா நல்லாவே தெரியுது. அதைப் பெப்டைடை ஒட்ட வெச்ச குழாய்ல (column) ஏத்தி சுத்தம் பண்ணினேன். பிஹெச் 2.5 கிளைசின்ல இறக்கும்போது ஆன்டிபாடி செத்துப்போகாம இருக்க, டியூபுல முன்கூட்டியே ட்ரிஸ் விட்டு வெக்கணும். முதல் தடவை மறந்துட்டேன், ஒரு மில்லி சீரம் வீண்.

இப்ப மிட்பாடி கதை. இந்த முறை டெலோஃபேஸ் செல்லா மட்டும் தேடித் தேடி 40 எண்ணினேன். சுத்தம் பண்ணின முதல் முயல் ஆன்டிபாடியிலயும் மிட்பாடி மினுங்குது. பெப்டைடு போட்டாப் போகுது. எஸ்ஐஆர்என்ஏ போட்டாலும் பாதிக்கு மேல குறையுது. அப்ப இது நிஜமா இருக்குமோ? ரெண்டு முயல்லயும் வருதே.

—

களியக்காவிளை அண்ணாச்சி:

பலே பிள்ளே! நம்பரை மறைச்சு வெச்சுப் பாத்தியே, அதுக்குத் தனியா ஒரு சபாஷ்.

ஆனா ரெண்டு முயலும் சொல்லுதேன்னு ரொம்பத் துள்ளாதே. ரெண்டுக்கும் போட்டது ஒரே பெப்டைடுதானே? அந்தப் பெப்டைடுல ஒரு துண்டு மிட்பாடில இருக்க வேற எவனையாவது ஒத்து இருந்தா, ரெண்டு முயலும் ஒண்ணாச் சேந்து அதே பொய்யைச் சொல்லும். பெப்டைடு போட்டாலும் அந்தப் பொய் போயிரும், ஏன்னா அதுவும் அதே கையாலதான் புடிக்குது. பெப்டைடு பிளாக்ல புள்ளி நின்னது உனக்கு அதிர்ஷ்டம். போயிருந்தா நீ இன்னும் சென்ட்ரோசோம்னுதான் சொல்லிக்கிட்டிருப்பே. எஸ்ஐஆர்என்ஏல குறையுதுன்னு சொன்னே பாரு, எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வர்றது அதுலதான்.

மிட்பாடி ரொம்ப நெருக்கமான இடம். டியூபுலின் ஆன்டிபாடி போட்டாலே ரெண்டு பக்கமும் எரிஞ்சு நட்ட நடுவுல ஒரு கறுப்புக் கோடு விழும், பாத்திருப்பே. அங்க டியூபுலின் இல்லாம இல்லை, சரக்கு அவ்வளவு அடைஞ்சு கிடக்கதுனால ஆன்டிபாடி உள்ள நுழைய முடியல. அந்த இடத்துல வெளிச்சத்தையும் நம்பாதே, இருட்டையும் நம்பாதே.

—

திருத்தணி மேட்டுத்தெரு:

உங்க புரோட்டீனோட, பச்சையா ஒளிர்ற ஜிஎஃப்பி புரோட்டீனைக் கோத்து செல்லுக்குள்ள விட்டுப் பாருங்க. ஆன்டிபாடியே வேண்டாம், உயிரோட பிரியிறதைப் பாக்கலாம். அளவுக்கு மீறி உற்பத்தி ஆகாம மட்டும் பாத்துக்கணும், ஏறிப்போனா அதுவும் கண்ட இடத்துல போய் உக்காரும். முடிஞ்சா ஜீனை வெட்டித் திருத்தற கிரிஸ்பர்ல சொந்த ஜீன்லயே கோத்துடுங்க. மெத்தனாலுக்குப் பதிலா பாராபார்மால்டிஹைடுல ஒரு தடவையும் போட்டுப் பாருங்க. மெத்தனால் மெம்பிரேன் கொழுப்பைக் கரைச்சு எடுத்துடும், ஈஆர் ஆளுக்கு அது ஆகாது.

—

வேலந்தாவளத்துப் புள்ள:

ஜிஎஃப்பி குளோன் பாக்டீரியாவுல இருக்கு, சீக்வென்ஸிங் போயிருக்கு. 4 சதவீத பாராபார்மால்டிஹைடுல வலை இன்னும் நல்லா வருதுங்க. மிட்பாடி இருக்கு, கொஞ்சம் மங்கல்.

கைடுகிட்ட நாலு படத்தையும் வரிசையா வெச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசல. மூணாவது படத்தைப் பெருசாக்கினார், சின்னதாக்கினார். அப்புறம் "இந்த பிரீ-இம்யூனை யாரு எடுத்து வெச்சது?"ன்னு கேட்டார். சேச்சி பேரைச் சொன்னேன். "அவளுக்கு ஒரு மெயில் போடணும்"னார். போஸ்டரைப் பத்தி அவரும் பேசல, நானும் பேசல. அது இன்னும் காரிடார்ல தொங்குது. டெலோஃபேஸ் படத்துக்குப் பக்கத்துல சின்னதா ஒரு ஸ்டிக்கர் ஒட்டலாமான்னு இருக்கு.

ரெண்டாவது முயலோட சீரம் இன்னும் 18 மில்லி இருக்கு. ஃப்ரீசர்ல இடம் இல்லைன்னு லேப்மேட் கொட்டச் சொல்றான்.

—

களியக்காவிளை அண்ணாச்சி:

கொட்டிராதே!! சென்ட்ரோசோமுக்கு இவ்வளவு சுத்தமான ஆன்டிபாடியைக் காசு கொடுத்து வாங்க எத்தனை லேப் காத்துக் கிடக்கு. நாள் 0 வயல்ல மிச்சம் இருந்தா அது இன்னும் விசேஷம், வலைகூட வராது. லேபிளை மாத்தி எழுதி வை.

—

செங்கோட்டை பாசஞ்சர்:

எனக்கு 200 மைக்ரோலிட்டர். கூரியர் காசு நான் தர்றேன்.

—

வேலந்தாவளத்துப் புள்ள:

அனுப்பறேங்கண்ணா. அட்ரஸைத் தனியா மெசேஜ் பண்ணுங்க. ஐஸ் பேக் போட்டு வெள்ளிக்கிழமை இல்லாம திங்கக்கிழமை அனுப்பறேன், இல்லைன்னா சனி, ஞாயிறு கூரியர் ஆபீஸ்லயே கிடந்து வேகும்.